ஐந்தாம் எபிசோடின் மணல்மூட்டை

பதினோராவது தடவையாக அவன் பங்கரை விட்டு வெளியே போகிறான். அவன் என்றால் நடிகர் அபிநந்த். உண்மையில் அவர் எங்கேயும் போகவில்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் நின்று, திரையில் தன் உதடு அசைவதைப் பார்த்துத் தன் குரலைத் தானே ஒட்டிக்கொண்டிருக்கிறார், பக்கத்து ஸ்டூலில் பாதி தின்ற பஜ்ஜி இருக்கிறது. நான் இந்தப் பக்கம், சவுண்ட் என்ஜினியர் ஜெரால்டுக்கு அருகில், காதில் ஹெட்போனுடன். சாலிகிராமத்தில் மூன்றாவது மாடி, செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டே முக்கால். என் வேலை சின்ன வேலை. நடிகர்கள் ஈழத்து வன்னிக்காரர்களைப் போலக் கதைக்கிறார்களா என்று கேட்டுத் தலையாட்டுவது. ஆட்டினால் சரி, ஆட்டாவிட்டால் மறுபடி. பதினொரு தடவையாக நான் தலையை ஆட்டவில்லை. அபிநந்த் நன்றாகத்தான் சொன்னார், இரண்டாவது தடவையே நன்றாகச் சொன்னார், என் அண்ணாவே வந்து சொன்னது போலச் சொல்லிவிட்டார், அதனால்தான் ஆட்டவில்லை. நாலு மணிக்கு இந்தக் கோப்பு மும்பைக்குப் போயாக வேண்டுமாம். வெள்ளிக்கிழமை எட்டு எபிசோடும் ஒன்றாக வெளியாகும். ஐந்தாவதில் ஒரு அண்ணன் பங்கர் வாசலில் செத்துப்போவான். கிளிநொச்சியில் இருக்கிற என் அண்ணி அதைப் பார்ப்பாள். பார்த்தால், பதினாறு வருஷமாக நான் அவளுக்குச் சொல்லிவந்தது பொய் என்று தெரிந்துவிடும். நாலு மணிக்குள் ஏதாவது செய்ய வேண்டும், ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது, என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

"அக்கா, இந்த டேக்ல என்ன ப்ராப்ளம்?" என்று ஜெரால்டு கேட்கிறார். ஒன்றுமில்லை தம்பி, கடைசிச் சொல்லில் கொஞ்சம் மெட்ராஸ் அடிக்குது என்றேன். அடிக்கவேயில்லை. ஜெரால்டு பாவம், நம்பி, பன்னிரண்டாவது தடவைக்குப் பின்னால் ஓட்டுகிறார், திரையில் அண்ணன் பின்பக்கமாக நடந்து பங்கருக்குள் இறங்குகிறான். அதை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது. யூனிட்டில் எனக்கு வைத்திருக்கிற பேர் ரியாலிட்டி அக்கா. முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேரேதான் கூப்பிடுவார்கள், நானும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தேன், சொன்னால் என்ன. ஏனென்றால் ராமநாதபுரத்துப் பொட்டல்காட்டில் அவர்கள் போட்டிருந்த செட்டை முதன்முதல் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சணல் சாக்கில் மணல் நிரப்பி, ஒரே அளவில், செங்கல் அடுக்கினது போல அடுக்கி வைத்திருந்தார்கள். ஷெல் விழுந்து வெடித்தபிறகு எல்லோரும் வீலென்று கத்திக்கொண்டு குனிந்தார்கள். குழந்தைகளுக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தது. பங்கருக்குள் ஒரு கிழவர் மண்ணைப் பற்றி ஒன்றரைப் பக்கம் வசனம் பேசினார், பின்னால் வயலின் அழ ஒரு இடம் விட்டிருந்தார்கள். நான் டைரக்டர் நந்தகோபனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். தம்பி, வெடிச்ச பிறகு குனிஞ்சு என்ன பிரயோசனம். தூரத்தில அவங்கள் ஷெல் குத்துற சத்தம் முதல்ல கேக்கும், 'தொம்' எண்டு, அப்பவே படுத்திடுவம், படுத்துக்கொண்டு எண்ணுவம், விழுந்தது வேற இடம் எண்டால் எழும்பி விட்ட இடத்திலயிருந்து வேலையைச் செய்வம். ஒருத்தரும் கத்துறேல்ல. கத்தினால் அடுத்த குத்து கேளாது. பங்கருக்குள்ள மண்ணைப் பற்றி ஒருத்தரும் பேசினதில்லை, காலை மடக்கு, ஏன் என்ர பக்கம் முழங்கையைப் போடுறாய், உப்பு எங்கை வைச்சனீ, இதுதான் பேச்சு. சின்னப் பிள்ளைகள் சத்தத்தை வைத்து இது ஆட்லறி ஷெல், இது மோட்டார் ஷெல் என்று பந்தயம் பிடிக்கும். சிரிப்போம். அதைச் சொன்னபோது நந்தகோபனுக்கு முகம் மாறியது. சிரிப்பீங்களாக்கா? பின்னே, அழுது அழுது எத்தனை மாதம் இருக்க முடியும்.

அந்தச் சாக்கு விஷயத்தை நான் விட்டிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும், சும்மாவா சொன்னார்கள். சணல் சாக்கு எங்கே கிடைத்தது எங்களுக்கு, சாக்கெல்லாம் முதல் இரண்டு இடப்பெயர்விலேயே முடிந்துவிட்டது. பிறகு சீலைதான். பெட்டியில் இருந்த அத்தனை சீலையையும் வெட்டி, மூட்டையாகத் தைத்து, கடற்கரை மணலை நிரப்பி அடுக்கினோம், கல்யாணச் சீலை, பெரியவளானபோது கட்டின சாமத்தியச் சீலை, ஒருதடவைகூடக் கட்டாத சீலை. பச்சையும் மஞ்சளும் மயில்கழுத்து நிறமுமாக, தூரத்தில் இருந்து பார்த்தால் திருவிழாக் கடை மாதிரி இருக்கும் எங்கள் பங்கர்கள். இதைச் சொன்னதும் ஆர்ட் டைரக்டர் துள்ளிக் குதித்துவிட்டார். எந்தப் போர்ப் படத்திலும் கலர் வந்ததில்லையாம், எல்லாம் சாம்பலும் காக்கியுமாம், இது ஒன்றே போதுமாம். சரி, அத்தோடு நிறுத்தினேனா? வாசலில் மேலே இருக்கிற மூட்டை க்ளோசப்பில் வரும், அது எப்படி இருக்கட்டும் அக்கா என்று கேட்டார். நான் யோசிக்கவேயில்லை. யோசித்திருந்தால் சிவப்பு என்று சொல்லியிருப்பேன், மாம்பழ மஞ்சள் என்று சொல்லியிருப்பேன், ஆயிரம் நிறம் இருக்கிறது உலகத்தில். கத்தரிப்பூ நிறம், சரிகைக் கரை, கரையில அன்னம், முந்தானை மூலையில இஸ்திரிப்பெட்டி சுட்ட பாடு ஒண்டு, வெத்திலை அளவில, என்று ஒப்புவித்துவிட்டேன். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதியதோடு விடாமல் காஞ்சிபுரத்துக்கு ஆள் அனுப்பி அதேபோலப் பிடித்து, அதே மூலையில் இஸ்திரிப்பெட்டியால் சுட்டு, மணல் நிரப்பி, வாசலில் வைத்துவிட்டார். இதோ திரையில் இருக்கிறது. அண்ணன் வெளியே போகும்போது கை அதன்மேல்தான் படுகிறது. யோகராணி அண்ணியின் கூறைச்சீலை அது. அவள் தன் கையால் தைத்த மூட்டை.

தைத்தது மாத்தளன் கடற்கரையில், இழுத்துக்கொண்டு வந்த தையல் மெஷினில். "என்ர கூறையையும் எடுங்கோ, ஆனா அதைக் கடைசியா, மேலுக்கு வையுங்கோ, நான் பாக்கவேணும்" என்றாள். அண்ணா சிரித்தான். குலேந்திரன் என்று பேர், ஊரில் யாரும் முழுப்பேர் சொன்னதில்லை, குலம்தான். நாலாம் நாள் அவர்களுடைய மகள் மதுராவுக்குக் காலில் காயம். ஆறு வயது. காயக்காரரை ஏற்றுகிற கப்பலில் துணைக்கு ஒரு ஆளைத்தான் விட்டார்கள், அண்ணி போனாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று அண்ணா பிள்ளையைத் தூக்கிப் படகில் கொடுத்ததைக் கரையிலிருந்து பார்த்தேன், அண்ணி அவனைக் கடைசியாகப் பார்த்தது அதுதான். பிறகு நானும் அவனும். எத்தனை கிழமை என்று ஞாபகமில்லை, கிழமை என்று ஒன்று அப்போது இருந்ததா என்றே தெரியாது. அதில் ஒரு நாள்தான் ஐந்தாம் எபிசோட். நந்தகோபன் ஒருநாள் ஆபீசில் வைத்து, தேநீர் வாங்கிக் கொடுத்து, "அக்கா, யாருமே காட்டாத ஒண்ணு வேணும், ஆஸ்பத்திரி, அழுகை, கொடி அதெல்லாம் வேணாம், சின்னதா, நம்ம வீட்டுல நடக்கிற மாதிரி ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டபோது, எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் என்று தொடங்கினேன். எனக்குத் தெரிந்த குடும்பம்! பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அந்தக் குடும்பத்தில் ஒரு அண்ணன், ஒரு தங்கச்சி, பங்கருக்குள் இரண்டு பேர்தான். தங்கச்சிக்கு வீட்டுக்குத் தூரம். துணி இல்லை. காலையிலிருந்து சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கிறாள், கஞ்சிக்கு வா என்றால் வரமாட்டேன் என்கிறாள். அண்ணன் ஒருகட்டத்தில் விளங்கிக்கொள்கிறான். அவளைப் பார்க்காமல், கூரைத் தென்னங்குற்றியைப் பார்த்துக்கொண்டு கேட்கிறான்.

"என்ன பிள்ளை, சீலைத்துண்டு வேணுமோ?"

அம்மாகூட என்னிடம் அப்படி நேராகக் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அந்த மூன்று நாட்களுக்குப் பேரே கிடையாது. நான் தலையை ஆட்டினேன். இன்றைக்கு ஆட்ட மறுக்கிறேனே, இந்தத் தலையைத்தான் அன்றைக்கு ஆட்டினேன். கொஞ்சம் பொறுத்திருந்தால் இருட்டியிருக்கும், இருட்டினபிறகு நானே போயிருப்பேன், பகல் முழுக்கப் பொறுத்தவளுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் பொறுக்க முடியாமல் போய்விட்டது. அண்ணா எழும்பினான். "யோகத்தின்ர கூறைதான் கிட்டக் கிடக்கு. அதில ஒரு முழம் கிழிச்சாலும் அவள் வந்து என்னைக் கொல்லப்போறாள்" என்றான், சிரித்துக்கொண்டு. "போட்டு வாறன்" என்று கிளம்பினான். வாசலில் அவன் இடுப்புக்கு மேலே வெளியில், கீழே உள்ளே. துணி கிழிகிற சத்தம் கேட்டது, பட்டு கிழிகிற சத்தம் தனி. அந்தச் சத்தத்தில் 'தொம்' எங்களுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் படுத்திருப்பான். நான் இதையெல்லாம் நந்தகோபனிடம் ஒரு பாடம் ஒப்புவிப்பது போலத்தான் சொன்னேன், தேநீரில் ஈ விழுந்தது, அதை எடுத்துப்போட்டேன்கூட. நிமிர்ந்து பார்த்தால் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறார். "அக்கா, சீரிஸே இதுதான்க்கா." எனக்கு அந்த நிமிஷம் எப்படி இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நிம்மதியாக இருந்தது. பதினாறு வருஷத்தில் முதன்முதலாக அண்ணா செத்துப்போனதற்கு ஒரு மனிதன் என் முன்னால் அழுதான்.

ஏனென்றால் அண்ணிக்கு நான் சொன்னது வேறு. முள்கம்பிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றோம், போர் முடிந்து அடைத்துவைத்த முகாமில், எந்தச் சோனில், எந்தப் பிரிவில் யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே இரண்டு மாதம். அண்ணியின் இடுப்பில் மதுரா, காலில் கட்டு. அண்ணியின் கன்னம் உள்ளே போயிருந்தது, ஆனால் பொட்டு வைத்திருந்தாள், முகாமில் குங்குமம் எங்கே கிடைத்ததோ. "கொண்ணர் எங்கை?" என்று அண்ணாவைக் கேட்டாள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்? ஏன் வெளியில போனவர்? அதற்கு நான் என்ன சொல்வேன், அந்தப் பிள்ளைக்கு முன்னால், அந்த வரிசையில் நிற்கிற அத்தனை ஆண்களுக்கும் முன்னால். எனக்குத் துணி எடுக்கப் போனவர் என்றா? உங்கள் கூறையைக் கிழிக்கப் போனவர் என்றா? "ஆமிக்காரர் பஸ்ஸில ஏத்தினவங்கள் அண்ணி. நான் கண்டனான். உயிரோடதான்." அவ்வளவுதான், மூன்று வாக்கியம். அவள் கம்பிக்குள்ளே கையை விட்டு என் கன்னத்தைத் தடவினாள். அந்தக் கைக்குப் பிறகு எப்படித் திருப்பிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம், முகாமை விட்டு வெளியே போனபிறகு சொல்லலாம், மதுராவின் கால் ஆறினபிறகு, மதுரா பெரியவளானபிறகு, நான் சென்னைக்குப் போய் ஒரு கடிதமாக எழுதலாம். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் என்பார்கள், எனக்கு ஒன்பதும் தேவைப்படவில்லை, அந்த ஒன்றே தானாக வளர்ந்தது. காணாமல் போனோர் விசாரணைப் படிவத்தில் 'கடைசியாகக் கண்டவர்' என்ற இடத்தில் என் பேர் இருக்கிறது, தவமலர், தங்கை, கீழே என் கையெழுத்து. அண்ணி அந்தப் படிவத்தின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறாள். காணாமல் போனவர்களைத் தேடுகிற பெண்கள் வீதியோரத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அதில் இடது பக்கம் மூன்றாவது படம் அண்ணா. கீழே என் அண்ணி. வெயிலுக்கும் மழைக்கும், எட்டு வருஷமாக. மற்றப் பெண்களுக்கு உண்மையிலேயே தெரியாது, அவர்கள் தேடுவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. அவர்களுக்கு நடுவில் என் அண்ணியை நான் கொண்டுபோய் உட்கார்த்தியிருக்கிறேன். நினைத்தால் என்னை நானே செருப்பால் அடிக்கலாம் போல வரும், அடித்தால் மட்டும் என்ன.

"அக்கா, பதினாலு" என்கிறார் ஜெரால்டு. மூன்று பத்து. பதினாலா, இரண்டு தடவை எப்போது போயிற்று. மடியில் போன் கிடக்கிறது, அதற்குள் அண்ணியின் குரல் இருக்கிறது, காலையில் வந்தது, நாற்பது விநாடி, நாலு தடவை கேட்டுவிட்டேன், இனிக் கேட்கத் தேவையில்லை, தானாக ஓடுகிறது. 'தவம், வெள்ளிக்கிழமை கொட்டகையில வெள்ளைத்துணி கட்டி எல்லாரும் சேர்ந்து பாக்கப்போறம். ஆரோ ஒரு தம்பி மெஷின் கொண்டாறாராம். எங்கட கதை எண்டு சொல்லினம். உன்ர பேரும் கடைசியில ஓடுமாமே, மதுரா சொன்னவள். நல்லாயிருக்குமோ பிள்ளை? உண்மையைக் காட்டியிருக்கிறாங்களோ, இல்லாட்டி வழமை போல பாட்டும் கூத்துமோ?' நல்லாயிருக்கும் அண்ணி. உண்மையைக் காட்டியிருக்கிறார்கள். வெள்ளைத்துணியில் உங்கள் கூறை ஆறடி அகலத்துக்கு வரும், இஸ்திரி சுட்ட பாடு ஒரு முறம் அளவுக்கு வரும். முதலில் சீலையைப் பார்த்து, அட என்ர மாதிரியே என்று பக்கத்தில் இருக்கிறவளின் தொடையைத் தட்டுவீர்கள். பிறகு அந்தப் பாடு. பிறகு, 'அவள் வந்து என்னைக் கொல்லப்போறாள்.' அதோடு போதும், அவனை விட்டால் அப்படிக் கதைக்க ஊரிலேயே ஆள் கிடையாது. ஐம்பது பெண்களுக்கு நடுவில் உங்களுக்குத் தெரியவரும். நான் அங்கே இருக்கமாட்டேன். நான் வளசரவாக்கத்தில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன், போன் எப்போது அடிக்கும் என்று. அடிக்காமலே இருந்துவிட்டால்? அது அடிப்பதைவிடப் பயமாக இருக்கிறது.

சரி, வசனத்தை மாற்றலாம். படத்தை மாற்ற முடியாது, குரலை மாற்றலாமே, அதற்குத்தானே இந்த அறை. எழும்பிப் போய்ப் பின்வரிசையில் லேப்டாப்போடு இருந்த நந்தகோபனிடம் குனிந்து சொன்னேன். "தம்பி, அந்தக் கொல்லப்போறாள் எண்ட வசனம் வேண்டாம். கூறை எண்ட சொல்லும் வேண்டாம். 'கவனமா இரு' எண்டு சொல்லிப்போட்டுப் போகட்டும்." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தாடிக்குள்ளே சிரிப்பு. "அக்கா, நீங்களா பேசறது? கவனமா இருன்னு எந்தப் படத்துலதான் சொல்லல? சாகப்போறவன்தான் கவனமா இருன்னு சொல்லுவான், அவனுக்கு சாகப்போறோம்னு தெரியக்கூடாதுன்னு எனக்குப் பாடம் எடுத்ததே நீங்கதானே?" எடுத்தேன். உண்மைதான். பொட்டல்காட்டில் குடைக்குக் கீழே நின்று, விரலை ஆட்டி, எடுத்தேன். போரில் சாகிறவன் கடைசி வசனம் என்று தெரிந்து பேசமாட்டான், பாதி நகைச்சுவையில், பாதி வேலையில் செத்துப்போவான், அதைக் காட்டினால் பார்க்கிறவன் தானாக அழுவான், நீங்கள் வயலினைப் போட்டு அழவைக்கத் தேவையில்லை என்று பெரிய மேதாவி மாதிரி. அவர் ஸ்லோமோஷனை எடுத்தார், வயலினை எடுத்தார், கிழவரின் ஒன்றரைப் பக்கத்தை எடுத்தார், என் பேச்சைக் கேட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இந்த ஒரு காட்சியை வைத்துக்கொண்டிருக்கிறார், இப்போது அதையும் எடு என்றால் அந்த மனிதன் என்ன செய்வார். "கேஸ் கீஸ் வருமா? அந்தக் குடும்பம் ஏதாச்சும் சொல்லுமா? நீங்க பேசிட்டேன்னு சொன்னீங்களே" என்றார், இப்போது சிரிப்பு இல்லை. பேசிட்டேன் தம்பி, அவங்களுக்குச் சம்மதம்தான் என்றேன். இது இரண்டாவது பொய். இல்லை, பதினாறு வருஷத்தில் எத்தனையாவது என்று யார் கண்டது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். சீலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துவதைப் பார்த்து ஜெரால்டு ஏசியைக் குறைத்தார், நல்ல பிள்ளை. பதினைந்தாவது. 'யோகத்தின்ர' என்பதைப் 'புனிதத்தின்ர' என்று மாற்றியிருக்கிறார்கள், அது ஒன்றுதான் மாற்றம், அதைக் கேட்டு அண்ணி ஏமாந்துவிடுவாளா, அவள் என்ன சின்னப்பிள்ளையா. வேறு ஏதாவது நடக்கலாம், ஸ்டூடியோவில் கரண்ட் போகலாம், கோப்பு அழியலாம், நான் மயங்கி விழலாம். விழுந்தால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நாலு மணிக்கு அனுப்பிவிடுவார்கள், வேலை வேலைதான். அல்லது அண்ணிக்குப் போன் பண்ணி, குப்பையாய் எடுத்திருக்கினம் அண்ணி, பாக்காதேங்கோ என்று சொல்லலாம். அவள் கேட்பாள், உன்ர பேர் ஓடுமே, அதையாவது பாக்கிறன் என்பாள். எப்படி வளைத்தாலும் வெள்ளிக்கிழமை வந்து நிற்கிறது. ஒன்று மட்டும் இப்போது தெரிகிறது, எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் தெரிகிறது. கத்தரிப்பூ நிறம் என்று நான் வாய்தவறிச் சொல்லவில்லை. வெத்திலை அளவு என்று யாராவது வாய்தவறிச் சொல்வார்களா? எனக்குச் சொல்லத் துணிவில்லை, அதனால் ஒரு டைரக்டரையும் நூற்றிருபது பேர் யூனிட்டையும் வைத்துச் சொல்லவைத்திருக்கிறேன். படம் சொல்லட்டும், நான் ஒளிந்துகொள்கிறேன் என்று. கோழை. ஒரு வெள்ளைத்துணி சொல்லிக் கேட்க வேண்டியவளா அவள்? கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாளே, என்னிடம்தானே கேட்டாள்.

"அக்கா?" கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அபிநந்த் கும்பிடுவது போலக் கை வைக்கிறார், தொண்டை கட்டிவிட்டதாம். பதினாறாவதைப் போட்டார்கள். "போட்டு வாறன்" என்று திரையில் அண்ணன் வெளியே போனான். நான் தலையை ஆட்டினேன். ஜெரால்டு மேலே பார்த்து மாதாவுக்கு நன்றி சொன்னார், நந்தகோபன் பின்னாலிருந்து கைதட்டினார். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பாத்ரூம் போகிறவள் போல வெளியே வந்து, மாடிப்படி ஜன்னலருகில் நின்று, அண்ணியின் பேரை அமுக்கினேன். மூன்று முப்பத்தைந்து. எடுக்கக்கூடாது, எடுக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன், இந்த வயதிலும். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டாள். பின்னால் பஸ் போகிற சத்தம், கொட்டகையில்தான் இருக்கிறாள். "என்ன பிள்ளை, இந்த நேரத்தில?" அண்ணி, ஒருக்கா கொட்டகையை விட்டு வெளியில வாங்கோ என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. செருப்புத் தேடுகிற சத்தம், நடக்கிற சத்தம், பிறகு ஒரு மர நிழலுக்கு வந்திருப்பாள், குரல் கிட்ட வந்தது. "சொல்லு."

சொன்னேன். ஹெட்போனில் பதினாறு தடவை கேட்டதாலோ என்னவோ, வரிசை மாறாமல் வந்தது. பஸ் இல்லை அண்ணி. நான் ஒரு பஸ்ஸையும் காணேல்ல. அண்ணா என்ர மடியிலதான் செத்தவர். எனக்குச் சுகமில்லாமப் போச்சு, துணியில்லை, உங்கட கூறையில கிழிக்கப் போனவர், நான்தான் அனுப்பினனான். மூட்டையோட சேர்த்து அந்தப் பங்கருக்குள்ளேயே வைச்சு மூடினம், நானும் பக்கத்துப் பங்கர் பொன்னுத்துரை அண்ணையும். அந்தக் கடைசிப் பகுதியை நந்தகோபனுக்குக்கூடச் சொல்லவில்லை, அது சீரிஸில் இல்லை. வெள்ளிக்கிழமை படத்தில வரும் அண்ணி, அதுக்கு முதல் நான் சொல்லவேணும் எண்டு, என்று இழுத்தேன். அழுகிறாளா என்று காதை அழுத்தி அழுத்திக் கேட்டேன், மூச்சுத்தான் வருகிறது. ஒரு லொறி போயிற்று, ஒரு மோட்டார்சைக்கிள் போயிற்று. திட்டுங்கோ அண்ணி என்றேன். வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் படியிலேயே உட்கார்ந்து அழுதிருப்பேன்.

"எத்தினையாம் திகதி?" என்றாள்.

தெரியேல்ல அண்ணி, அப்ப நாள் கிழமை ஒண்டும் தெரியாது. "ஆரிட்டையும் கேக்கேல்லையோ?" இல்லை. பொன்னுத்துரை அண்ணையும் பிறகு இல்லை. அவள் மிகவும் மெதுவாக, பள்ளிக்கூடத்தில் கணக்குக் கேட்பது போல, "மூடேக்க வானத்தில நிலவு நிண்டதோ?" என்று கேட்டாள். ஒன்றரை வருஷம் யூனிட்டில் எத்தனை ஆயிரம் கேள்வி கேட்டார்கள் என்னிடம், கஞ்சிக்கு என்ன பாத்திரம், கூரைக்கு என்ன மரம், குத்துகிற சத்தம் எத்தனை விநாடி, ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. கண்ணை மூடினேன். மண் தள்ளித் தள்ளிக் கை எரிகிறது, வெயில் இன்னும் போகவில்லை, நிமிர்ந்து பார்க்கிறேன், கடல் பக்கம். நிண்டது அண்ணி. பின்னேரம் தான், வெளிச்சம் இருக்கேக்கையே வெள்ளையா நிண்டது, கடல் பக்கத்தில.

"கடல் பக்கம் எண்டால் கிழக்கு. பொழுதுபட முதலே கிழக்கில எண்டால் வளர்பிறை. முழுசோ?" இல்லை, ஒரு பக்கம் கொஞ்சம் குறை. "தசமி," என்றாள் அண்ணி, "ஏகாதசி, துவாதசி," என்று விரலில் எண்ணுகிறாள், வளையல் சத்தம் கேட்கிறது, இன்னும் வளையல் போட்டிருக்கிறாள். "பங்குனியோ சித்திரையோ?" வருசப்பிறப்புக்கு முதல் அண்ணி, அது தெரியும், வருசப்பிறப்புக்குப் பொன்னுத்துரை அண்ணையின்ர மனுசி கஞ்சிக்குள்ள சீனி போட்டுத் தந்தவா, அப்ப நான் தனிய. "அப்ப பங்குனி. அவ்வளவு காணும். மிச்சத்தை ஐயர் பாத்துச் சொல்லுவார்." குரல் அங்கேதான் உடைந்தது, ஐயர் என்ற சொல்லில். உடைந்ததை விழுங்கிக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பதினாறு வருசம் அந்த மனுசனுக்கு ஒரு பிடி சோறு வைக்கேல்லையடி தவம், ஒரு எள்ளுத்தண்ணி விடேல்ல" என்றாள். நான் வாறன் அண்ணி, திவசத்துக்கு நான் கட்டாயம் வாறன், டிக்கெட் போடுறன் என்று அழுகையோடு அழுகையாகச் சொன்னேன்.

"நீ வராதை," என்றாள் அண்ணி.